மூன்றாவது பந்தி

டாக்டர் பூங்கோதையின் பணி ஓய்வு விழாவுக்கு மூன்று மாதம் முன்பே ஃபிளெக்ஸ் தயாராகிவிட்டது. அவள் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களின் எண் எழுதுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது. அந்த எண் ஓரிடத்தில் நின்றால்தானே அச்சடிக்க முடியும். காலையில் ஒன்று இருக்கும், மதியச் சாப்பாடு முடிவதற்குள் நாலைந்து கூடியிருக்கும். கடைசியில், விழா அன்றைக்குக் காலையில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். மேலே 'மேற்கோள் நாயகி' என்று சிவப்பு எழுத்து. கீழே அவள் படம், முடியெல்லாம் கறுப்பாக இருந்த காலத்தில் எடுத்தது.

அதைப் பார்த்ததும் பூங்கோதைக்கு அலுப்பாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாவற்றுக்கும் வருவது இந்த அலுப்புதான். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவப் படிம ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் நுரையீரல்களின் ஸ்கேன் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டுரைகளாக எழுதித் தள்ளியவள். ஒருவருடைய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துச் சொன்னால் அது ஒரு மேற்கோள். இந்தத் தொழிலில் அது கல்யாண வீட்டு மொய் மாதிரி. நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைக்க வேண்டும், வைக்காமல் விட்டால் அடுத்த கருத்தரங்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பூங்கோதைக்கு வந்த மொய் ஏராளம். அதில் முக்கால்வாசி ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தது.

அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஃபோன் வந்தது. நெஞ்சுநோய் டாக்டர் நூர்ஜஹான் பேசினாள். காயல்பட்டினத்துக்காரி, முன்பின் பழக்கமில்லாதவள்.

"மேடம், உங்க பேப்பர் சொல்லுதுன்னு ஒருத்தரோட வலது நுரையீரல்ல பாதிய வர்ற வியாழக்கிழமை எடுக்கப் போறோம். எடுக்க வேண்டியதில்லன்னு நான் நெனைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நெனைப்பீங்க."

"நான் நெனைப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எடுக்க வேண்டாம்னு எழுதினதும் நீங்கதானே. அதுக்கு மூணாவது பாகம்னு வந்த பேப்பர்ல."



"அத நீங்க படிச்சீங்களா?" என்று பூங்கோதை கேட்டாள். உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

"படிச்சேன் மேடம். ரெண்டு மேற்கோள் இருக்கு அதுக்கு. ஒண்ணு நீங்களே போட்டுக்கிட்டது."

மறுநாள் காலையில் பூங்கோதை கிளம்பிப் போனாள். போகாமல் ஒரு மின்னஞ்சலோடு முடித்திருக்கலாம். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கிற எவரும் அதைத்தான் செய்வார்கள்.

படுக்கையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் இசக்கிமுத்து. அப்படிச் சொன்னால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது, 'இடிமுழக்கம்' இசக்கிமுத்து என்று சொல்ல வேண்டும். மேடைப் பேச்சாளர். பெரிய தலைவர்கள் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பிடித்து வைத்திருப்பது அவர் உத்தியோகம். தலைவரின் கார் எங்கே மாட்டிக்கொண்டாலும் சரி, இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ நிறுத்தாமல் பேசுவார். மின்சாரம் போய் மைக் அணைந்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். இதுவரை நான்கு கட்சி மாறியாயிற்று. அடைமொழியை மட்டும் கையோடு கொண்டுபோய்விடுவார்.

"வாங்க தாயே" என்றார். "நம்ம நுரையீரலுக்கு நாள் குறிச்ச அம்மா நீங்கதானா?"

"சும்மா இருங்க" என்றாள் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த அவர் மனைவி செண்பகவடிவு. "அவுக எம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்காக. எடுத்ததும் மேடைப் பேச்சா?"

பூங்கோதை ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு நிழல். அதன் விளிம்பு முள்முள்ளாக இருந்தது. நிழலின் விளிம்பு முள்முள்ளாக இருந்தால் புற்று என்று உலகத்துக்குச் சொன்ன கட்டுரை அவளுடைய முதல் பாகம். ஆனால் இந்த நிழலுக்குள் சுண்ணாம்புப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. காசநோய் வந்து ஆறிய தழும்பும் முள்முள்ளாகத்தான் இருக்கும், உள்ளே சுண்ணாம்புப் பொட்டு இருந்தால் அது தழும்பு, தொடாதே என்று சொன்ன கட்டுரை அவளுடைய மூன்றாம் பாகம்.

"சின்ன வயசுல காசம் வந்திருக்கா உங்களுக்கு?"

"வந்தது. ஆறு மாசம் மாத்திர தின்னேன். அதுக்குப் பெறவுதான் மேடையே ஏறினேன்."

"தழும்புதான்" என்றாள் பூங்கோதை நூர்ஜஹானிடம்.

"எனக்கும் தெரியும் மேடம். பண்டிதருக்குத் தெரியலையே."

பண்டிதர் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேலியாகச் சொன்னது ஸ்கேன் படங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிற யந்திரத்தை. இப்போது அது இல்லாத ஆஸ்பத்திரி கிடையாது. இசக்கிமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு சந்தேகம். இந்தம்மா எழுதினது ரெண்டு. ஒண்ணு வெட்டுங்கு, இன்னொண்ணு வெட்டாதங்கு. அந்தப் பெட்டி ஏன் மொதல்ல சொன்னத மட்டும் கேக்கு?"

நூர்ஜஹான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதை அவள் பல பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும், குரலில் தேய்மானம் தெரிந்தது.

"ஐயா, உலகத்துல பேப்பருக்குப் பஞ்சமில்ல. ஒண்ணு இப்படிச் சொல்லும், ஒண்ணு அப்படிச் சொல்லும். எது சரின்னு மெஷினுக்குத் தெரியாது. அதனால எத எத்தன பேரு எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு எண்ணும். நெறைய பேரு சொன்னா எடை கூட. எடை கூடினதத்தான் அது நம்பும். மேடத்தோட மொத பேப்பர பத்தாயிரம் பேருக்கு மேல சொல்லியிருக்காங்க. மூணாவதச் சொல்ல ஆளில்ல."

"லாரியில ஆள ஏத்திட்டு வந்து கூட்டம் காட்டுத மாதிரி."

"கிட்டத்தட்ட."

"நீங்க படிச்ச டாக்டர்லா. வெட்ட மாட்டேன்னு சொல்லிருங்க."

"சொன்னேன். அதவிட எடை கூடின பேப்பர் எதையாச்சும் காட்டுங்குது. உங்களுக்கு ஊசி போட்டு சதைய எடுத்துப் பாத்தோமே, அதுல புத்து இல்லன்னுதான் வந்தது. ஊசி எடம் தப்பிப் போச்சுன்னு சொல்லிடுச்சு."

"அப்ப நோயாளி நான் சொல்லுதேன். மாட்டேன்."

செண்பகவடிவு தன் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

"குடும்பத்துக்கு ஒரே மருத்துவக் காப்பீட்டு அட்டை மேடம்" என்று நூர்ஜஹான் பூங்கோதையிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "சொன்ன சிகிச்சைய ஒருத்தர் மறுத்தாலும் அட்டை பூட்டிக்கும். அவங்களுக்கு டயாலிசிஸ் நின்னுடும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் இசக்கிமுத்து. "சும்மா சொல்லிப் பாத்தேன். வெட்டிக்கிடட்டும். பாதி நுரையீரல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசலாம்னு டாக்டரம்மா சொல்லுதாக. ஒரு மணி நேரத்துல மேடையில இருக்கவுகள விளிச்சே முடிக்க முடியாதே தாயீ."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். செண்பகவடிவு சிரிக்கவில்லை.

காரில் திரும்பும்போது அவளுக்குப் பழைய விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரே ஆராய்ச்சி. நிழலின் விளிம்பைப் படிக்கும் முறை, அதை வேகமாகச் செய்யும் வழி, அது எங்கே தப்பும் என்பது, மூன்றும் சேர்ந்து ஒரே கட்டுரை. எழுதி முடித்துக் கொண்டுபோய்த் தாணுமாலயன் சாரிடம் நீட்டினாள். அவர் அப்போது அவளுக்குத் துறைத்தலைவர், கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. அந்த வருஷம் பதவி உயர்வுக்கு மூன்று கட்டுரை வேண்டும் என்று விதி வந்திருந்தது. அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரே எலையில எல்லாத்தையும் வெளம்பிராத. மூணு பந்தியாப் போடு."

எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். ஆய்வுலகில் அதற்குக் கூறு போடுதல் என்றே பெயர் இருந்தது. தப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள், தப்பாக யாரும் நினைக்கவில்லை. முதல் பந்தியில் பெரிய பத்திரிகை, கூட்டம் முட்டி மோதியது. இரண்டாவதில் சுமாரான பத்திரிகை. மூன்றாவது, அதுதான் 'இது எங்கே தப்பும்' என்பது, யாரும் பார்க்காத ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. சாப்பிட ஆளில்லை. அன்றைக்குக் கட்டுரைகளைப் படித்தவர்கள் மனிதர்கள், ஒருவேளை தேடிப் பிடித்தாவது படித்திருப்பார்கள். பின்னால் யந்திரம் படிக்க வரும் என்றும், அது கூட்டத்தைப் பார்த்துத்தான் பந்தியில் உட்காரும் என்றும் அவர்களுக்கு என்ன தெரியும்.

திங்கட்கிழமை பூங்கோதை ஒரு திருத்தக் குறிப்பு எழுதினாள். 'என் முதல் பாகத்தில் சொன்ன முறை காசநோய்த் தழும்புகளுக்குப் பொருந்தாது. மூன்றாம் பாகத்தைப் பார்க்கவும்.' திருத்தக் குறிப்புகளை உடனே வெளியிட்டுவிடுவார்கள். அதோடு நிற்கவில்லை. யார் யாருக்கெல்லாம் இத்தனை காலம் மொய் வைத்தாளோ அவர்களையெல்லாம் கூப்பிட்டாள். ஒரு உயிர் விஷயம், நீங்களும் ஒரு குறிப்பு எழுதுங்கள் என்றாள். மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. இருபது இருபத்தைந்து பேர் உடனே எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூர்ஜஹான் கூப்பிட்டாள்.

"மறுபடி படிக்கச் சொன்னேன் மேடம். முன்னவிட உறுதியாச் சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"புத்துன்னு. உங்க குறிப்பு, மத்தவங்க குறிப்பு, எல்லாத்துலயும் மொத பேப்பர் பேரு இருக்கே. தப்புன்னு சொல்லத்தான் சொன்னீங்க. அது எண்ண மட்டுந்தான் செய்யும். மூணாவதுக்கும் ஒரு இருபது கூடியிருக்கு. மொதலுக்கும் அதே இருபது கூடிப் போச்சு."

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். திட்டினாலும் கூடும், புகழ்ந்தாலும் கூடும். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கீழே அலுவலகத்தில், இன்று ஒரே நாளில் மேடத்துக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது பார்த்தீர்களா என்று ஒருவர் இன்னொருவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது படிக்கட்டு வழியாகக் கேட்டது.

"மொத பேப்பர வாபஸ் வாங்கிடுறேன்" என்றாள். "வாங்கினா எடை பூஜ்யம்."

மறுமுனையில் நூர்ஜஹான் தயங்கினாள்.

"நானும் அதத்தான் மொதல்ல நெனைச்சேன். ஆனா மேடம், போன மாசம் எங்க ஆஸ்பத்திரியில மட்டும் நாலு பேருக்கு ஆரம்பத்துலயே புத்தக் கண்டுபிடிச்சது உங்க மொத பேப்பர். நெசமான புத்து. நாலு பேரும் பொழைச்சுக்குவாங்க. நீங்க வாபஸ் வாங்கினா அந்த மாதிரி ஆளுங்களுக்கு இனிமே யாரு சொல்றது?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"தெரியல. ரெண்டும் ஒரே எடத்துல இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதுன்னு மட்டும் தெரியுது."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். ஆனாலும் பூங்கோதைக்குச் சுருக்கென்றது. கூடவே ஒரு ஞாபகமும் வந்தது.

ஆய்வு அறமன்றம் என்று ஒன்று உண்டு. திருட்டுக் கட்டுரை, பொய்க் கணக்கு இவற்றையெல்லாம் விசாரிக்கிற இடம். பூங்கோதை அதில் இரண்டு வருஷம் உறுப்பினராக இருந்தாள். கூறு போட்டதை நிரூபித்தால் என்ன தண்டனை என்று ஒரு விதி எழுதி, அதில் அவளே கையெழுத்தும் போட்டிருந்தாள். கூறுகளை மறுபடி ஒன்றாகத் தைக்க வேண்டும். கூறுகளுக்கு வந்த எடையெல்லாம் தைத்த கட்டுரைக்குப் போகும். எழுதியவர்கள் பெயர் நீக்கப்படும், அவர்களுடைய மற்ற கட்டுரைகளின் கணக்கும் மூடப்படும். அறிவு உலகத்துடையது, திருடனுக்கு அதில் பங்கு இல்லை என்று அந்தக் கூட்டத்தில் யாரோ ஆவேசமாகப் பேசினார்கள். பேசியது நான்தானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அந்த விதியில் மாட்டியது ஒரே ஒருவன், சேலத்துப் பையன், இரண்டு கூறு போட்டிருந்தான்.

தானாக ஒப்புக்கொண்டால் விசாரணை கிடையாது. ஒரு ஆசிரியர் ஒப்புக்கொண்டால் போதும், எல்லா ஆசிரியர் பெயரும் போகும்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டாள். அவளுக்குக் கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. அதற்காக வருந்துகிறவளும் இல்லை. ஆனால் காலையில் காப்பி ஆற்றும்போது ஃபோனில் அந்த மேற்கோள் எண்ணைப் பார்ப்பாள். எங்கோ பெயர் தெரியாத ஊரில் பெயர் தெரியாத ஒருவர் அவள் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி எடுத்துச் சொல்லியிருப்பார். அந்த எண் அவளுக்குப் பிடிக்கும். அலுத்துக்கொண்டேதான் பிடிக்கும், ஆனாலும் பிடிக்கும். 'நான் இருந்தேன்' என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அது. அதை இன்றைக்குத் தன் கையாலேயே அழிக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் தாணுமாலயன் சாரைக் கூப்பிட்டாள். அவர் இப்போது நாகர்கோவிலில் இருந்தார். துணைவேந்தர் பதவிக்குக் கடைசிச் சுற்றில் இருந்த மூன்று பேரில் ஒருவர். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? எனக்க பேரும்லா அதுல உண்டு."

"அதான் சார் மொதல்ல உங்ககிட்ட சொல்லுதேன்."

"ஊர்ல எவன் கூறு போடல? நீயும் நானும் மட்டுமா?"

"இல்ல சார்."

"மூணு மாசம். மூணு மாசம் பொறுத்துக்கோ. தேர்வு முடியட்டும். பெறவு ரெண்டு பேரும் சேர்ந்தே ஒப்புக்கிடுவோம், நான் வேண்டாம்னு சொல்லல."

"வியாழக்கிழமை வரைக்குந்தான் சார் பொறுக்க முடியும்."

"ஒருத்தனுக்காகவா பூங்கோதை?"

"ஒருத்தர்தான் கண்ணுல பட்டிருக்காரு. காசநோய் வந்தவங்க நம்ம நாட்டுல எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியாததா? இந்த எட்டு வருஷமா பண்டிதரு எத்தன தழும்ப வெட்டச் சொல்லியிருப்பாரு?"

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"நீ ரிட்டயர் ஆவுத" என்றார் கடைசியில். "ஒனக்கு நஷ்டமில்ல. நான் நாற்பது வருஷமா இதுக்காக ஓடிட்டு இருக்கேன்."

நஷ்டமில்லை என்பது பொய். ஆனால் அதை அவரிடம் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. மன்னிச்சிருங்க சார் என்றாள். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. அவளுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், அவள் அம்மா இறந்தபோது வண்டி பிடித்து வந்து நின்றவர். அவருடைய கழுத்தையும் சேர்த்துத்தான் அறுக்கிறோம் என்று தெரிந்தே பூங்கோதை அறமன்றத்துக்கு எழுதினாள். மூன்று வரிதான் ஆயிற்று.

புதன்கிழமை காலையில் அறமன்றம் மூன்று கூறுகளையும் நிறுத்தி வைத்தது. வெள்ளிக்கிழமை தைத்த கட்டுரை வெளியாயிற்று. இடையில் வியாழக்கிழமை வந்தது, போனது. அடிப்படைக் கட்டுரை நிறுத்தி வைக்கப்பட்டதால் அறுவை தானாகத் தள்ளிப்போயிற்று. அறுவைக்காக முதல் நாள் இரவே சாப்பாடு நிறுத்தப்பட்டிருந்த இசக்கிமுத்து, வியாழக்கிழமை காலையில் சேதி வந்து சேர்ந்ததும் நாலு இட்லி கேட்டதாக நூர்ஜஹான் சொன்னாள்.

சனிக்கிழமை பண்டிதர் மறுபடி படித்தார். 'பழைய காசநோய்த் தழும்பு. அறுவை தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.' ஆதாரம் என்ற இடத்தில் தைத்த கட்டுரையின் தலைப்பு. ஆசிரியர் என்ற இடத்தில் 'நீக்கப்பட்டது'.

நூர்ஜஹான் அதை ஃபோனில் வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்த பிறகும் வைக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும் மேடம். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்க."

"நிறுத்தி வச்சிருந்த நாள்ல பண்டிதரு விளிம்பப் பத்திப் பேசவே இல்ல. வியாழக்கிழமை ஒரு அம்மா வந்தாங்க. ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுச்சு. எனக்கு மனசு கேக்காம இன்னைக்கு மறுபடி கூப்பிட்டுப் பாத்தேன். புத்துதான். ஆரம்பந்தான், பயமில்ல. நான் கூப்பிட்டுட்டேன்."

"மத்த ஆஸ்பத்திரியில?"

"அதத்தான் மேடம் நானும் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்."

பூங்கோதை அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அந்த மூன்று நாளில் எந்தெந்த ஊரில் யார் யாரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரிந்த ஒருவரைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாத சிலரைப் பலி கொடுத்திருக்கிறாள். அல்லது தெரியாத பலரைக் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டையும் அவள் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். எதிலும் ஆறுதல் கிடைக்கவில்லை.

பணி ஓய்வு விழா நடக்கவில்லை. அறமீறல் முத்திரை விழுந்தவருக்கு விழா எடுக்க விதியில் இடமில்லை. கடைசி நாளன்று அலுவலகத்தில் இரண்டு பேர் வந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒரு டப்பாவில் அல்வா கொடுத்துவிட்டுப் போனார்கள். ஃபிளெக்ஸைக் காவலாளி செல்லத்துரை எடுத்துப்போய்த் தன் ஸ்கூட்டருக்கு மேல் போர்த்திக்கொண்டார். மழைக்கு நன்றாகத் தாங்குகிறது என்று அவளிடமே சொன்னார். தாணுமாலயனுக்குப் பதவி கிடைக்கவில்லை. தற்செயலாக ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, அவர் அவளைத் தாண்டிப் போய்க் கை கழுவினார்.

காலையில் காப்பி ஆற்றும்போது பழக்கத்தில் ஃபோனை எடுப்பாள். 'இப்பெயரில் பதிவுகள் இல்லை' என்று வரும். கொஞ்ச நாளில் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

நூர்ஜஹான்தான் அவ்வப்போது பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டாள்.

"கெளம்புங்க மேடம். ஒரு எடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"கேக்காதீங்க. உங்களுக்குப் பிடிக்காது. ஆனா வாங்க."

அது ஒரு தெருமுனைக் கூட்டம். நான்கு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடை, இரண்டு குழல் விளக்கு, ஐம்பது அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள், கையில் புதுக் கட்டு இருந்தது. மேடையில் இசக்கிமுத்து. கட்சி ஐந்தாவது என்று நூர்ஜஹான் காதில் சொன்னாள். பூங்கோதையும் அவளும் பின்னால் டீக்கடைப் பக்கமாக நின்றுகொண்டார்கள்.

விளித்தல் நடந்துகொண்டிருந்தது. வட்டச் செயலாளர், வார்டுச் செயலாளர், ஒலிபெருக்கி அமைத்துத் தந்த அன்புத் தம்பி, எதிரே கடையை மூடாமல் கூட்டத்துக்கு வெளிச்சம் தரும் அண்ணாச்சி. ஒருவரையும் விடவில்லை. அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அவர் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி, பாளையங்கோட்டை ஈன்ற அறிவுக் களஞ்சியம், டாக்டர் பூங்கோதை அம்மையார் அவர்கள் அன்றே சொன்னார்கள்!"

பூங்கோதை திடுக்கிட்டுத் திரும்பினாள். நூர்ஜஹான் டீயை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"எல்லாக் கூட்டத்துலயும் இப்படித்தான் மேடம். நான் நாலஞ்சு கேட்டுட்டேன்."

அம்மையார் என்னென்னவோ சொல்லியிருந்தார்கள். குடிநீர்க் குழாய் பற்றிச் சொல்லியிருந்தார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சாலையில் கிடக்கும் குழியைப் பற்றி அமெரிக்காவிலேயே போய்ச் சொல்லியிருந்தார்கள். அத்தனையும் பச்சைப் பொய். கூட்டம் தலையாட்டியது. ஓர் ஆள் கைதட்டக்கூடச் செய்தார்.

"அவர நிறுத்தச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் பூங்கோதை. ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

அப்போது மின்சாரம் போயிற்று. விளக்கும் மைக்கும் ஒன்றாக அணைந்தன. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இசக்கிமுத்து ஒரு கணம் நிறுத்தினார். மூச்சை உள்ளே இழுத்தது இருட்டில் தெரியவில்லை, ஆனால் பூங்கோதைக்குத் தெரிந்தது. வலது மேல்பகுதி, முள்விளிம்பு, சுண்ணாம்புப் பொட்டு, எல்லாம் சேர்ந்து விரிந்திருக்கும்.

"அம்மையார் சொன்னார்கள்" என்று குரல் வந்தது. டீக்கடை பாய்லர் அதிர்ந்த மாதிரி இருந்தது. "என்ன சொன்னார்கள்? இவன் கட்சி மாறி என்று என்னைத் தூற்றுகிறார்களே, அவர்களுக்குச் சொன்னார்கள். பட்ட காயம் ஆறினால் அது தழும்பு. தழும்பு வேறு, நோய் வேறு. தழும்பைக் கண்டு வெட்ட வராதே!"

கூட்டம் கைதட்டியது.

மூன்றாம் பாகத்தில் அவள் முப்பது பக்கம் எழுதியிருந்தது அதைத்தான். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. அவள் பெயரோடு சேர்த்து அதை ஒருவர் எடுத்துச் சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. பூங்கோதைக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

"எப்ப முடிப்பாரு?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

"இவரா? தலைவரு வண்டி இப்பத்தான் கோவில்பட்டி தாண்டியிருக்காம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

பூங்கோதை கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.